கீழப்புதுவெளி கல்மண்டபச் சுவருக்குத் தரைப் பூச்சு

அனுப்புநர்:
வே. ராஜ்கமல் (வயது 38),
பெயிண்டர்,
மங்கலம்பேட்டை,
விருத்தாசலம் வட்டம், கடலூர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
மஞ்சக்குப்பம், கடலூர்.

பொருள்: சிதம்பரம் வட்டம், கீழப்புதுவெளி பழைய கல்மண்டபச் சுவரில் தரைக்கான பூச்சைப் பூசியதால் கல் பெயர்ந்து விழுந்து மீன் விற்கும் பெண் காயமடைந்தது – அதே பூச்சை 23.6.2025 அன்று மீண்டும் பூச இருப்பதைத் தடுத்து நிறுத்தக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

1. நான் இருபது ஆண்டுகளாகப் பெயிண்டர் வேலை செய்து வருகிறேன். பத்தாம் வகுப்பு வரை படித்தவன். இம்மனுவை நானே எழுதியுள்ளேன். இதில் நான் குறை கூறும் வேலையைச் செய்தவர்களில் நானும் ஒருவன் என்பதை முதலிலேயே பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

2. மேற்படி மண்டபம் உப்பனாற்றங்கரையில் உள்ளது. தூண்கள் கருங்கல், பின்சுவர் மட்டும் மணற்கல். அச்சுவரில் ஏழு வரிக் கல்வெட்டு இருந்தது. தலைச்சுமையோடு வருபவர் இங்கே இறக்கி வைத்து இளைப்பாறலாம், அவரை எவரும் எழுப்பக் கூடாது என்பது அதன் பொருள் என்று உள்ளூர் ஆசிரியை சௌந்தரம் அவர்கள் எங்களுக்குப் படித்துச் சொன்னார். மீன் விற்கும் பெண்கள் அங்கேதான் கூடையை இறக்குகிறார்கள். எழுந்து போகச் சொல்லி யாராவது வந்தால் அவர்கள் காட்டுவது அந்தச் சுவரைத்தான்.

3. மண்டபப் பராமரிப்புக் குழுவினர் கடந்த ஆண்டு சுவருக்குப் பாதுகாப்புப் பூச்சு பூசும் வேலையை ஓர் ஒப்பந்ததாரரிடம் கொடுத்தனர். கல்லுக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேற வழிவிடும் நீர்விலக்கிப் பூச்சு பூசப்படும் என்று வேலை நடந்த இடத்தில் பலகையே வைத்திருந்தனர். ஆனால் வந்து இறங்கிய டின்களில் "உட்புறத் தரைகளுக்கு மட்டும்" என்று அச்சிட்டிருந்தது. அத்தகைய டின் ஒன்றை என் வீட்டில் பத்திரமாக வைத்துள்ளேன்.

4. 19.8.2024 அன்று சுவரைப் பம்பு வைத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரால் கழுவினார்கள். அது வாயில் வைக்க முடியாத உப்புத் தண்ணீர். மறுநாள் காலையிலேயே பூசச் சொன்னார்கள். நான் ஒப்பந்ததாரரின் மேற்பார்வையாளரிடம், "சார், செவுரு இன்னும் ஜில்லுனு இருக்கு. ரெண்டு வாரமாவது காயணும். இது தரைக்குப் போடுறது சார், உள்ள இருக்கிற ஈரம் எங்க போவும்?" என்று கேட்டேன். அவர், "வியாழக்கிழமை தெறப்பு விழா. போட்டோவுல பளபளன்னு வரணும். செவுத்துக்கு வைத்தியம் பாக்கவா ஒன்ன கூப்ட்டோம்? ரோலர உருட்டுய்யா" என்றார். நான் சத்தம் போட்டுப் பார்த்தேன். பிறகு உருட்டினேன். அங்கிருந்து வெளியேறியிருக்க வேண்டும், வெளியேறவில்லை.

5. விழாவன்று சுவர் கண்ணாடி போல மின்னியது. எல்லோரும் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். மழைக்காலம் முடிந்து, டிசம்பர் கடைசியில் வேறு வேலையாகச் சிதம்பரம் போனவன் மனம் கேட்காமல் போய்ப் பார்த்தேன். தீக்கொப்புளம் போலச் சுவர் முழுக்க உப்பியிருந்தது. பூச்சுக்கு அடியில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. ஒரு கொப்புளத்தை விரலால் அழுத்தினேன். பூச்சு கிழிந்து கல் மணலாகக் கொட்டியது. தரையிலிருந்து சுவர் இழுக்கும் உப்பு ஈரம் இத்தனை காலமும் காற்றில் காய்ந்து போயிருக்கிறது. நாங்கள் அந்த வழியை அடைத்துவிட்டோம். உடனே மேற்பார்வையாளருக்குப் போன் செய்தேன். "அஞ்சு வருஷம் கேரண்டி இருக்கு, நீ ஏன் அலட்டிக்கிற?" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். குழுவினரிடம் நேரிலும் சொன்னேன். ஒரு கயிறு கட்டி ஆட்களை விலக்கக்கூட அவர்கள் முன்வரவில்லை.

6. 11.2.2025 காலை, சுவரோரம் மீன் நறுக்கிக்கொண்டிருந்த ரத்தினம்மாள் (வயது 52) என்பவர் மீது மூன்றடி நீளக் கல்பாளம் ஒன்று பூச்சோடு சேர்ந்து பெயர்ந்து விழுந்தது. அவரது வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது. இன்றுவரை அந்தக் கையால் அரிவாள்மணையில் ஒரு மீனைக்கூட அவரால் நறுக்க முடியவில்லை. கல்வெட்டின் கடைசி மூன்று வரிகளும் அந்தப் பாளத்தோடு போயின. எவரும் எழுப்பக் கூடாது என்ற வரி அவற்றில் ஒன்று.

7. அடுத்த வாரமே, பெயிண்டர் ராஜ்கமல் பூச்சை நீர்க்கச் செய்யும் தின்னரை அதிகமாகக் கலந்ததே விபத்துக்குக் காரணம் என்று குழுவினர் மண்டப வாசலில் நோட்டீஸ் ஒட்டினார்கள். நான் ஒரு சொட்டுத் தின்னரும் கலக்கவில்லை. அன்று முதல் அந்தப் பக்கத்தில் எவரும் என்னை வேலைக்குக் கூப்பிடுவதில்லை. என் மகள் முகத்தைப் பார்த்து அவள் தோழியின் தாயார், "கல்ல ஒடச்சவன் பொண்ணா?" என்று கேட்டிருக்கிறார்.

8. மன்னிப்புக் கேட்க மருத்துவமனைக்குச் சென்றேன். ரத்தினம்மாள் கட்டுப் போட்ட கையோடு எழுந்து உட்கார்ந்து சொன்னதை அப்படியே தருகிறேன்: "நீ பூசுனத நானும் பாத்தேன். வேணாம்னு நீ கத்துனதயும் நான்தான் கேட்டேன். அவுங்க ஒட்டுன நோட்டீசுல அது எங்க? இங்க வந்து அழுவாத. போயி எழுதிக் குடு, எங்க வேணா வந்து சொல்றேன்." அவரது வாக்குமூலம் இடது கைப் பெருவிரல் ரேகையுடன் இணைக்கப்பட்டுள்ளது.

9. இந்த நிலையில், 23.6.2025 அன்று எஞ்சிய சுவரில் அதே பூச்சை இன்னும் இரண்டு கோட்டு பூச ஏற்பாடு நடக்கிறது. "ஜாஸ்தியா போட்டா உதிராது" என்று சொல்லி, அன்று ரோலரை உருட்டச் சொன்ன அதே மேற்பார்வையாளர் என்னையே வேலைக்கு அழைத்தார். வந்தால் நோட்டீசைக் கிழித்துவிடுவதாகவும் சொன்னார். நான் மறுத்துவிட்டேன். வேறு ஆட்களைப் பேசிவிட்டார்கள். ஒரு பெண்ணின் கையை முறித்த பிறகும் சுவருக்கு மினுமினுப்புத்தான் குறை என்று நினைப்பவர்களை என்னவென்று எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

எனவே, அப்பூச்சு வேலையை உடனே நிறுத்தவும், சுவர் சரியாகும்வரை அதனோரம் எவரும் அமராதபடி தடுப்பு அமைக்கவும், கல் பாதுகாப்பு அறிந்த வல்லுநர்களைக் கொண்டு சுவரைச் சோதித்துப் பழைய பூச்சைக் கல்லுக்குச் சேதமின்றி நீக்க வழி காணவும், ரத்தினம்மாளுக்குச் சிகிச்சையும் நிவாரணமும் கிடைக்கச் செய்யவும் வேண்டுகிறேன். பெயர்ந்த துண்டுகளை ஆசிரியை சௌந்தரம் சாக்கில் கட்டித் தம் வீட்டில் வைத்துள்ளார். அவற்றையும் அரசு பெற்றுக்கொள்ள வேண்டும்.

இது குறித்து விசாரணை நடத்தும்போது என் பெயரை விட்டுவிடும்படி நான் கேட்கவில்லை. முதலில் என்னையே அழையுங்கள். என் பங்கைச் சொல்லிவிட்டு, மற்றவர்கள் பங்கையும் அவர்கள் முகத்துக்கு நேரே சொல்கிறேன்.

இடம்: கடலூர்
நாள்: 16.6.2025

இப்படிக்கு,
தங்கள் நடவடிக்கையை எதிர்நோக்கும்,
(ஒப்பம்) வே. ராஜ்கமல்

இணைப்பு: ரத்தினம்மாள் வாக்குமூலம், சுவரின் படங்கள், டின்னின் படம்.