ஒருத்தி என்று கத்தியிருக்க வேண்டும்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகமாக இருக்கிறோம், நீயும் அங்கே இருமல் விட்டு, வேளைக்குச் சாப்பிட்டு, ஒழுங்காகத் தூங்குகிறாய் என்ற நம்பிக்கையில் இதைத் தொடங்குகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்துவிட்டது, ஆனால் மாடிப்படி ஏறும்போது யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் மட்டும் நொண்டுகிறார். உன் தங்கைக்குக் கண்ணாடி போட்டாயிற்று, போட்ட முதல் நாளே என்னை நிமிர்ந்து பார்த்து, "அம்மா, உனக்கு இவ்ளோ நரை இருக்கா, இத்தனை நாள் எங்க ஒளிச்சு வச்சிருந்தே" என்று கேட்டாள். சமையலறைக் குழாய் இன்னும் சொட்டிக்கொண்டுதான் இருக்கிறது, நீ ஊருக்குப் போகும் அன்று அடியில் வைத்த பாத்திரமே இன்றும் இருக்கிறது, அப்பா அதை ரிப்பேர் என்று சொல்லிக்கொள்கிறார். இதெல்லாம் போனில் சொல்லக்கூடியதுதானே, எதற்குக் காகிதம் என்று நினைப்பாய். நான் சொல்ல வந்தது வேறு, அதைப் போனில் ஆரம்பித்தால் முதல் வரி முடிவதற்குள் நீ "விடும்மா, பரவாயில்ல" என்று சொல்லிவிடுவாய். அந்த வார்த்தை எனக்கு இப்போது வேண்டாம், ஏன் வேண்டாம் என்பது இந்தக் கடிதத்திலேயே வரும். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாதல்லவா, அதனால்தான்.

போன மாதம் நீ ஒரு வீடியோ அனுப்பினாய், ஞாபகம் இருக்கும். எங்கள் காலேஜ் பெண் ஒருத்தி ஐயாயிரம் மீட்டர் ஓட்டத்தில் கடைசிச் சுற்று பாக்கி இருக்கும்போதே இரண்டு கையையும் தூக்கிச் சிரித்துக்கொண்டு நின்றுவிடுகிறாள், மற்றவர்கள் அவளைத் தாண்டிப் போகிறார்கள். கீழே நீ, "கணக்குப் படிக்கிற பொண்ணாமே, விரல் பத்தலையா" என்று எழுதியிருந்தாய். நான் பதிலுக்குச் சிரிக்கிற முகம் ஒன்றை அனுப்பினேன். கண்ணா, அந்தப் பெண்ணுக்கு எண்ணத் தெரியும். அவளை நிற்க வைத்தது நான். இதை உனக்கு எழுதவே எனக்கு இத்தனை நாள் ஆயிற்று.

அவளை நீ பார்த்ததில்லை. காலேஜில் சேர்ந்த புதிதில் மைதானத்தின் ஓரத்தில் யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தவள், சின்ன உருவம், காலடிச் சத்தமே கேட்காது, நான்தான் சுண்டெலி என்று பெயர் வைத்தேன், டீமில் எல்லோருக்கும் அதுவே பழகிவிட்டது. நம் டீம் எப்படி ஜெயிக்கிறது என்று கேட்பவர்களிடமெல்லாம் நான் பெருமையாகச் சொல்லும் ஒரு விஷயம் உனக்குத் தெரியும், சின்ன வயதில் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டுச் சலித்துப்போனவன்தானே நீ. மீதி எத்தனை சுற்று என்று காட்டும் பலகையை என் பிள்ளைகள் பார்க்கவே கூடாது, தலையைத் திருப்பினால் நடை கெடும், மிச்சத்தை நினைத்தால் மனசு கெடும், முடிவுக் கோட்டுக்கு எதிர்ப்பக்கத்தில் நான் நிற்பேன், என் குரல் சொல்வதுதான் கணக்கு. இரண்டு என்றால் கோட்டுக்குப் போன பிறகு இரண்டு சுற்று, ஒண்ணு என்றால் ஒன்று. இப்படித்தான் வருஷா வருஷம் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தோம். அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு என்னை நம்பினார்கள், அதற்கு நான் பயிற்சி என்று பெயர் வைத்திருந்தேன்.

அன்று அதுதான் கடைசிப் போட்டி, அதில் அவள் முதலாவதாக வந்தால் கோப்பை நமக்கு. அவள் இரண்டாவதாக வந்துகொண்டிருந்தாள், முன்னால் வேறு காலேஜ் பெண் ஒருத்தி மட்டும்தான். என்னைக் கடக்கும்போது இன்னும் இரண்டு சுற்றுக்கு மேலேயே பாக்கி இருந்தது, சுற்றைச் சொல்ல வேண்டிய இடத்தில் நான் சுற்றைச் சொல்லவில்லை. எனக்கு முன்னால் ஓடுகிறவளின் முதுகு மட்டும்தான் கண்ணில் பட்டது. "இன்னும் ஒண்ணுதான், விடாதே, பிடி" என்று தொண்டை கிழியக் கத்தினேன். இன்னும் ஒரு ஆளைத்தான் தாண்ட வேண்டும் என்ற அர்த்தத்தில் கத்தினேன். அவள் இன்னும் ஒரு சுற்றுதான் என்று எடுத்துக்கொண்டாள், வேறு எப்படி எடுத்துக்கொள்வாள், என் வாயில் ஒண்ணு என்றால் அவளுக்கு அதுதானே. உயிரைக் கொடுத்து ஓடினாள், அந்தப் பெண்ணைத் தாண்டினாள், கோட்டுக்கு வந்தாள், கையைத் தூக்கினாள். கடைசிச் சுற்றுக்கான மணி அப்போதுதான் அடித்தது, ஜெயித்ததற்கு அடிக்கிறார்கள் என்று நினைத்தாளாம். அவள் சிரிப்பதைப் பார்த்த நொடியிலேயே எனக்கு விளங்கிவிட்டது. மறுபடி ஓட ஆரம்பித்தபோது கால் மரத்துப்போய் ஏழாவதாக வந்தாள்.

பிறகு உடை மாற்றும் அறையில் ஷூ நாடாவை அவிழ்த்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், சண்டை போடும் குரலே இல்லாமல் சொன்னாள், "ஒண்ணுன்னு சொன்னீங்கல்ல மிஸ், ஆளா இருந்தா ஒருத்தின்னுதானே வரும், அதான் ரவுண்டுன்னு நினைச்சிட்டேன்" என்று. எனக்குப் பதில் சொல்ல வாய் வருவதற்குள் கதவைத் திறந்துகொண்டு பிரின்சிபால் வந்துவிட்டார், கூடவே ஒரு பத்திரிகைக்காரப் பெண். என்ன ஆச்சு என்று கேட்டார்கள். கண்ணா, நான் யோசித்துப் பார்த்துப் பொய் சொல்லவில்லை, யோசிக்காமல் அவ்வளவு சுலபமாக வந்தது, அதுதான் என்னை அரிக்கிறது. "பிள்ளை ரவுண்டை எண்ணுறதுல கோட்டை விட்டுட்டா" என்றேன். சுண்டெலி நிமிர்ந்து ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தாள், சரியாகத்தான் கேட்டதா என்று பார்ப்பதுபோல. பிறகு குனிந்து, "ஆமா மிஸ், தப்பு என்னோடதுதான்" என்றாள். அதற்கும் என் குரல்தான் கணக்கு போலிருக்கிறது.

அடுத்த நாள் பேப்பரில் எண்ணத் தெரியாத வீராங்கனை என்று போட்டார்கள், அப்புறம்தான் நீ அனுப்பிய வீடியோ. அந்த வாரத்தில் அவளுடைய அம்மா காலேஜுக்கு வந்தார், தையல்காரர், தோளில் அளவு டேப் தொங்கியபடியே வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். மகளுக்காகச் சண்டை போடத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் என் முன்னால் நின்று, "உங்க பேரை இப்படிக் கெடுத்துட்டாளே மிஸ், மனசுல வச்சுக்காதீங்க, வீட்லயும் உப்பு எடுத்துட்டு வாடின்னா சர்க்கரையத் தூக்கிட்டு வருவா" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா, "பரவாயில்லைங்க" என்று சொன்னேன். பெரிய மனசோடு சொல்வதுபோலச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். இப்போது புரிகிறதா, அந்த வார்த்தையை ஏன் உன் வாயால் கேட்க வேண்டாம் என்கிறேன் என்று.

அதற்குப் பிறகும் அவள் பயிற்சிக்கு ஒழுங்காக வந்தாள். இடது மணிக்கட்டில் வண்ண வண்ணமாக ரப்பர் பேண்ட் மாட்டிக்கொண்டு வந்தாள், ஒரு சுற்று முடிந்ததும் ஒன்றைக் கழற்றி வலது கைக்கு மாற்றுவாள், ஓடிக்கொண்டே. அதில் அவளுக்கு நடை தடுமாறுகிறது, தோள் கோணுகிறது, நான் பார்த்துக்கொண்டே நிற்கிறேன், அதை எடுத்துப் போடு என்று சொல்ல எனக்கு என்ன முகம் இருக்கிறது. மற்ற பிள்ளைகள் "வளையல் கடை வருது, வழி விடுங்கடி" என்று கிண்டல் செய்தார்கள், அவளும் சிரித்துக்கொண்டாள். இதற்கிடையில் அடுத்த பெரிய போட்டிக்குப் போகும் அணியிலிருந்து அவள் பெயரை எடுத்துவிடலாம், கவனம் போதாது என்று காலேஜ் விளையாட்டுக் கமிட்டியில் பேச்சு வந்தது. அந்தப் போட்டிக்காகத்தான் அவள் மூன்று வருஷமாக விடியலில் எழுந்து வருகிறாள், படிப்பும் இந்த வருஷத்தோடு முடிகிறது, இதை விட்டால் அவளுக்கு வேறு வாய்ப்பு இல்லை. நான் கமிட்டியில் உட்கார்ந்துகொண்டு, பார்க்கலாம், யோசிக்கலாம் என்று பேனா மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

போன புதன்கிழமை காலேஜ் வாசலில் இருக்கும் பேக்கரியில் உன் தங்கைக்கு பன் வாங்க நின்றேன். சாலையின் அந்தப் பக்கம் அவள் போய்க்கொண்டிருந்தாள், வாசலில் நின்ற பையன்களில் ஒருவன், "ஏ கணக்கு, ஒண்ணுக்கு அப்புறம் என்ன சொல்லு" என்று கத்தினான். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், "ரெண்டு" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு நடந்தாள். தினமும் கேட்டுக் கேட்டுப் பழகிய பதில் அது. நான் பைக்குள் சாவி தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன், சாவி என் கையிலேயே இருந்தது. ஒரு பெண்ணுக்குப் பயந்து, அதுவும் என்னை எதுவும் சொல்லாத ஒரு பெண்ணுக்குப் பயந்து, பன் அடுக்கிய கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வழக்கம்போல எனக்குச் சாதகமாகவே பேசப் பார்த்தார். "நீ வீட்லயும் அப்படித்தானே சொல்றே, எனக்கு ரெண்டு, ஒண்ணு வெளிநாட்டுல இருக்கு, ஒண்ணு கண்ணாடி போட்டுக்கிட்டு என் நரையை எண்ணுதுன்னு, வாய் பழக்கம்தானே" என்றார். எனக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது. ஆனால் உங்களை ஒண்ணு என்று சொல்வது பெற்ற செல்லத்தில் சொல்வது. முன்னால் ஓடிய அந்தப் பெண்ணைப் பார்த்து ஒண்ணு என்று வந்தது செல்லத்தில் வரவில்லை, அவள் எனக்குத் தாண்ட வேண்டிய ஒரு பொருளாகத்தான் தெரிந்தாள். ஒருத்தி என்று கத்தியிருந்தால் எந்தக் குழப்பமும் இல்லை. அன்று அறையில் என் சுண்டெலியையும் அதே மாதிரி ஒரு ஒண்ணாக எடுத்துத் தள்ளி வைத்தேன். ஜெயிக்க ஜெயிக்க இந்தப் பழக்கம் எப்போது எனக்குள் வந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.

மறுநாள் காலை ஓட்டத்துக்கு முன்னால் பிள்ளைகளை நிற்க வைத்துச் சொன்னேன், சுற்றி வளைக்காமல், நான் என்ன கத்தினேன், பிறகு என்ன பொய் சொன்னேன் என்று.  நெட்டச்சி என்று கூப்பிடுவோமே, அந்த உயரமான பெண், "அப்போ இத்தனை நாள் ஏன் மிஸ் சொல்லல" என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன், அது உண்மை இல்லை, வெட்கமாக இருந்தது என்று திருத்திச் சொன்னேன். சுண்டெலி மணிக்கட்டில் ரப்பர் பேண்டைச் சரிசெய்துகொண்டிருந்தாள். பிறகு பிரின்சிபாலிடம் போனேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, "பொண்ணு பேரு ஒரு வருஷத்துல மறந்துபோயிடும்மா, கோச் பேரு கெட்டா டீமே போச்சு, பேசாம இருங்க" என்று நல்லதனமாகத்தான் சொன்னார். நான் வெளியே வந்து பத்திரிகைக்காரப் பெண்ணுக்குப் போன் போட்டு உண்மையைச் சொல்லிவிட்டேன். தையல்காரம்மா வீட்டுக்கு அப்பாவும் கூட வந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை அந்த அம்மா மெஷினை நிறுத்தவில்லை, முடித்த பிறகுதான் நிறுத்தினார். "அப்போ நான் எதுக்கு உங்க கையைப் பிடிச்சேன்" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வி எனக்கு ரொம்ப நாளைக்கு இருக்கும்.

முடிவு என்னவென்றால், சுண்டெலி போட்டிக்குப் போகிறாள். நான் போகவில்லை, வேறு கோச் கூடப் போகிறார், இனிமேல் டீம் யார் கையில் என்று அப்புறம் சொல்வார்களாம். நேற்று சாமான் அறையில் நான் ஷூக்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது அவள் வாசலில் வந்து நின்று, "நீங்க வரலைன்னா யாரு மிஸ் கத்துவாங்க" என்று கேட்டாள். யாரும் கத்த வேண்டாம், பலகையைப் பார்த்து ஓடு என்றேன். "நீங்கதானே பாக்கவே கூடாதுன்னீங்க" என்றாள். நான் சொன்னதில் எதெல்லாம் தப்பு என்று இப்போதுதான் ஒவ்வொன்றாகத் தெரிகிறது என்றேன். அவள் சிரித்தாள் என்று சொல்ல முடியாது, மூக்கால் ஒரு மூச்சு விட்டாள். சாயங்காலப் பயிற்சியில் எதிர்ப்பக்கத்தில் வழக்கமான இடத்தில் நின்றேன், வாயைத் திறக்கவில்லை. அவள் என்னைக் கடக்கும்போது கையிலிருந்த ரப்பர் பேண்டைக் காட்டி, "இன்னும் ரெண்டு, சரியா மிஸ்" என்றாள். நான் திரும்பிப் பலகையைப் பார்த்துவிட்டு, சரி என்றேன். மன்னித்துவிட்டாள் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை, நீயும் அப்படி எடுத்துக்கொள்ளாதே. அவள் சரிபார்த்தாள், அவ்வளவுதான்.

இந்த விஷயத்தை நேரில் சொல்ல வேண்டியவர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டேன், இன்னும் ஒருத்தன்தான் பாக்கி இருந்தான், அவனுக்கும் இதோ எழுதிவிட்டேன். அந்தச் சிரிக்கிற முகத்தை அனுப்பினதற்காக உன்னிடமும் வெட்கப்படுகிறேன். நீ சிரித்ததில் தப்பில்லை, நான் கட்டிய கதையை நம்பித்தானே சிரித்தாய். உன் அம்மாவைக் குறைவாக நினைக்கத் தோன்றினால் கொஞ்ச நாள் நினைத்துக்கொள், அவசரப்பட்டு மாற்றிக்கொள்ள வேண்டாம்.

இருமலுக்கு டாக்டரைப் பார், வெந்நீரே போதும் என்று இருந்துவிடாதே. குளிர் அதிகமானால் காதை மூடிக்கொண்டு போ, அழகு கெடாது. நீ எங்கே இருந்தாலும் உடம்பும் மனசும் நன்றாக இருந்து, நல்ல மனிதர்கள் நடுவில், நல்ல பெயரோடு வாழ வேண்டும். முக்கியமாக ஒன்று, மறந்துவிடாதே: அந்த வீடியோவை நீ யார் யாருக்கு அனுப்பினாயோ அவர்கள் எல்லோருக்கும், இந்தப் பெண் சரியாகத்தான் எண்ணினாள், தப்பாகச் சொன்னது எங்கம்மா என்று இரண்டு வரி எழுதி அனுப்பு. எங்கம்மா என்பதை விட்டுவிடாதே.

ஆசிகளுடன்,
உன் அம்மா