‘உள்ளேன் அம்மா’வுக்குப் பதிலாக

பக்கத்து வீட்டில் கருவாடு வறுக்கிறார்கள். வாசனை வந்ததிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மீனவர் தெருவான குருசுக்குப்பத்துப் பெண்ணொருத்தி உன் வகுப்பில் எழுந்து நின்ற அந்தக் காலைப்பொழுது மறுபடி நினைவில் வந்துவிட்டது.

பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை விட்டுப் போய் மூன்று வருடம் இருக்கும். பெயர் வாசித்தால் ‘பிரெசாந்த்’ என்று பிரெஞ்சில் சொல்லிவந்த பிள்ளைகள் ‘உள்ளேன் அம்மா’வுக்கு மாறியிருந்தார்கள். இரண்டுமே சலிப்பு என்று நான்தான் உன்னிடம் சொன்னேன். “பதிலுக்கு ஆளுக்கொரு பொம்பள பேரச் சொல்லட்டுமே. சரித்திரத்துல என்ன சாதிச்சாள்னு ஒரு வரி.”

“உனக்கு வேற வேலையே இல்லடி” என்றாய். மறுநாளே தொடங்கினாய், என் வகுப்பிலும் நடந்தது. ஒருத்தி கோட்டையை மீட்ட சிவகங்கை ராணியைச் சொல்வாள், அடுத்தவள் டில்லியை ஆண்ட சுல்தானாவை, இன்னொருத்தி கிராமத்திலிருந்து கிளம்பிப் படை நடத்திய பிரெஞ்சுப் பெண்ணை. அதைச் சொல்வதற்காகவே பிள்ளைகள் தவறாமல் வந்தார்கள்.

உன் வேலையை நிரந்தரமாக்கலாமா என்று பார்க்க ஆய்வாளர் வந்தார். நானும் கடைசி பெஞ்சில் இருந்தேன். அந்தப் பெண் எழுந்தாள்.

“எங்கம்மா. அப்பா கடல்ல போனப்புறம் மீன் கூடை தூக்கி எங்க நாலு பேரையும் படிக்க வைக்குது.”

“மீன் விக்கிறவளா சரித்திரம்?” என்றார் அவர். வகுப்பு சிரித்தது.

“எழுதுனா சரித்திரந்தான் சார். யாரும் எழுதல” என்றாய்.

அவர் முகம் மாறியது. என் பக்கம் திரும்பினார். “இந்தக் கூத்து உங்க வகுப்புலயும் உண்டா?”

“இல்ல சார்.”

நீ என்னைப் பார்க்கவில்லை. அடுத்த பெயரை வாசித்தாய்.

வேலை நிரந்தரமாகவில்லை, வேறு வேலை தேடிக் கடலூருக்குப் போனாய். பஸ் ஏற்றிவிட வந்த என்னிடம், “ஏன்டி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? போய் சாப்புடு” என்றாய். நான் ‘இல்ல சார்’ என்றதைப் பற்றி ஒரு சொல் இல்லை. நீ கண்மூடும்வரை இல்லை.

அந்த வழக்கத்தை நான் விடவில்லை. ஆனால் ஆய்வாளர் வரும் நாளில் மட்டும், “இன்னிக்கு உள்ளேன் அம்மாதான்” என்று பிள்ளைகளிடம் சொல்லிவைப்பேன். நான் ஓய்வு பெறும் வருடம் ஓர் ஆய்வாளர் திடீரென்று வந்து நின்றார். முதல் பெண்ணே எழுந்து, பீடி சுற்றித் தன்னை வளர்க்கும் சித்தியைச் சொன்னாள். அவர் தலையாட்டினார், கையெழுத்துப் போட்டார், டீ கிடைக்குமா என்று கேட்டார்.

அவ்வளவுதான். அப்போதே கடலூருக்கு வந்து உன்னிடம் இதைச் சொல்லியிருக்கலாம். அதற்கும் பயந்தேன்.

“உண்டு சார், ஆரம்பிச்சதே நாந்தான்.” இந்த வரியை இன்னும் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். இப்போது தடுமாறாமல் வருகிறது.