பன்னிரண்டு புத்தகமும் உம்முடைய ஒரு பக்கமும்

நோபிள் பார்க்,
17.08.2025

அன்புள்ள சிவகௌரிக்கு,

நான் சுகம் என்று எழுதினால் நம்பமாட்டீர். சுகமில்லை என்று எழுதினால் நடிப்பு என்பீர். இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளும். போன் எடுத்தால் உம்முடைய அண்ணர்தான் கதைக்கிறார். "அவ படுத்திட்டா" என்கிறார், பகல் பதினொரு மணிக்கு. விக்னராஜா மச்சானுக்குப் பொய் சொல்ல வராது. அவரை இனியும் அந்தக் கஷ்டத்தில் மாட்டக் கூடாது என்றுதான் இந்தக் கடிதம்.

அவருடைய முழங்கால் ஒப்பரேஷனுக்கு இரண்டு கிழமை என்று சொல்லிச் சிட்னிக்கு, குவேக்கர்ஸ் ஹில்லுக்குப் போனீர். இன்றோடு பதினொரு கிழமை. உங்கடை மச்சானுக்கு மொத்தம் எத்தனை முழங்கால் அண்ணை என்று பஸ் டிப்போவில் என்னோடு ஓட்டுகிற எறிக் கேட்கிறான். நானும் சிரித்துவிட்டு பஸ்ஸை எடுத்துக்கொண்டு போனேன். களைப்பாக இருக்கிறது கௌரி. இப்போதெல்லாம் ஒரு பகிடிக்குச் சிரித்து முடிக்கவே அரை நாள் வேலை செய்ததுபோல் இருக்கிறது.

வீட்டுப் புதினம் பெரிதாக ஒன்றுமில்லை. குசினியில் நான் பருப்பு வைக்கிறேன், அது என்னை வைத்துச் செய்கிறது. வினுஷா ஞாயிற்றுக்கிழமைகளில் கிளேட்டனில் இருந்து வருகிறாள், சட்டியைத் திறக்கிறாள், மூடுகிறாள், பீட்சாவுக்குச் சொல்கிறாள். கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போய் உம்முடைய பெயருக்கு அர்ச்சனை செய்தேன். ஐயர் நட்சத்திரம் கேட்டார். இருபத்தாறு வருஷம் ஒன்றாக இருந்த மனுஷன் வெளியே போய் மகளுக்குப் போன் எடுத்து, அம்மாவின் நட்சத்திரம் என்ன என்று கேட்டுக்கொண்டு திரும்பி வந்தேன். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் பொறுமையானவர்கள்.

வினுஷாதான் வாய்தவறி இன்னொன்றும் சொன்னாள். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் உமக்கு நிரந்தர வேலை தருகிறார்களாம், இந்த மாதக் கடைசிக்குள் நீர் பதில் சொல்ல வேண்டுமாம். வாழ்த்தலாம் என்று போன் எடுத்தேன். நீர் படுத்திருந்தீர்.

நீர் போன அடுத்த கிழமை, உமக்காக ஒதுக்கி வைத்த புத்தகம் வந்திருக்கிறது என்று நூலகத்தில் இருந்து என் நம்பருக்கு மெசேஜ் வந்தது. அந்த ஜப்பான்காரி, தொகிவா மினேயின் படக்கதை, பன்னிரண்டாம் புத்தகம். மகளுக்கா என்று மேசையில் இருந்த பெட்டை கேட்டாள். மனைவிக்கு என்று சொல்ல வெட்கப்பட்டுத் தலையை ஆட்டிவிட்டேன். என் குற்றப் பட்டியலில் இதையும் சேர்த்துக்கொள்ளும். அப்படி என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று தட்டில் இருந்த முதல் மூன்று புத்தகத்தையும் சேர்த்து எடுத்து வந்தேன்.

எடுத்து வந்து, நாங்கள் எந்தப் புத்தகத்தையும் வாசிக்கிறபடி இடது பக்கத்தால் திறந்து வாசித்தேன். மேலே கிடந்த மூன்றாம் புத்தகத்தில் தொடங்கி மூன்றையும் அப்படியே வாசித்தேன். பள்ளிக்கூடச் சமையற்காரியும் ரயில் நிலையத்தில் மைக்கில் அறிவிக்கிறவனும் ஒரு குடைக்குள் நிற்கிறார்கள். பிறகு கொஞ்சம் விலகி நடக்கிறார்கள். பிறகு சாப்பாட்டுப் பெட்டிக்குச் சண்டை. பிறகு ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியாது. அதோடு முடிகிறது. பதில் முதலில் வருகிறது, கேள்வி பிறகு வருகிறது. இதில் என்ன புதினம், எல்லார் வீட்டிலும் நடக்கிறதுதானே என்று நினைத்தேன். எனக்கு ஒரு இடத்திலும் பிழையாகப் படவில்லை.

வினுஷாவிடம் சொன்னேன். அவள் சோபாவில் விழுந்து சிரித்தாள். ஜப்பான் புத்தகம் வலது பக்கத்தால் தொடங்குமாம், நான் முடிவிலிருந்து தொடக்கத்துக்கு வாசித்திருக்கிறேனாம். இந்தப் பக்கத்தால் திறக்காதே என்று அச்சடித்தும் இருக்கிறதாம், அதன்மேல்தான் நூலகத்துக்காரர் தங்கள் ஸ்டிக்கரை ஒட்டியிருக்கிறார்கள். கதை உண்மையில் ஊர் பெயர் தெரியாத இரண்டு பேர் ஒரு குடைக்குள் வருகிற கதையாம். அவள் சிரித்து முடியுமட்டும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு பன்னிரண்டையும் எடுத்து, டிப்போவில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், சரியான பக்கத்தால் வாசித்தேன். எறிக்கும் தொற்றிக்கொண்டான். அவன் அவளிட்டைச் சொல்லிப்போட்டானோ அண்ணை என்று ஒவ்வொரு நாளும் கேட்கிறான். இல்லையடா, இன்னும் குடைதான் என்கிறேன். புத்தகக் கடைசியில் வாசகர் கடிதங்கள் வருமே, அங்கேதான் நான் மாட்டினேன். ஒரு பள்ளிக்கூடப் பெட்டை, அந்த மனுஷனை ரயிலுக்குள் தள்ளிவிடுங்கள், நான் கலியாணம் கட்டுமுன் கதை முடிய வேண்டும் என்று எழுதியிருக்கிறாள். எழுபது வயதுக் கிழவர் ஒருவர், மனுஷி இருக்கும்போது இந்தப் புத்தகம் வந்திருக்கலாம் என்று ஒரே வரியில் எழுதியிருக்கிறார். தொகிவா தன்னை ஒரு அவித்த முட்டையாக, கையில் பண்டேஜோடு வரைந்து பதில் போடுகிறா. அவன் எப்போது வாய் திறப்பான் என்று தனக்கும் தெரியாதாம், தானும் மேசையில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாவாம், மணிக்கட்டு நோகிறதாம், மன்னிக்கட்டாம். அதற்கு எத்தனையோ பேர், அவசரமில்லை, ஓய்வெடுங்கள், நாங்கள் இருக்கிறோம் என்று எழுதியிருக்கிறார்கள்.

இனியும் சுற்றிக்கொண்டு போக முடியாது. நீர் போகுமுன் அருந்தவனின் அறுபதாம் பிறந்தநாளில் நடந்ததற்கு வருகிறேன்.

சாப்பாடு பிந்துது, அஞ்சு நிமிஷம் கதையுங்கோ அண்ணை என்று மைக்கைத் தந்தார்கள். என்னிடம் இருந்த பகிடி எல்லாம் பழசு. கமலினி அன்ரி கொட்டாவி விட்டது மேடையில் இருந்தே தெரிந்தது. பர்ஸுக்குள் தொகிவாவுக்கு நீர் தமிழில் எழுதிய தாள் மடித்தபடி இருந்தது. ஜப்பானுக்கு அனுப்ப வேணும், உங்கடை இங்கிலிஷ் வடிவு, மாத்தித் தாங்கோ என்று இரண்டு நாள் முந்தி நீர் தந்தது. ஒருவருக்கும் காட்ட வேண்டாம் என்று நீர் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை என்று நினைத்திருப்பீர்.

முதல் வரிக்கே மண்டபம் சிரித்தது. நான் குரலை மெல்லிசாக்கி வாசித்தேன். நீர் வடைத் தட்டோடு வாசலில் நின்றீர். நீரும் சிரித்தீர். அதைப் பார்த்துத்தான் துணிந்து தாளின் அடுத்த பந்திக்குப் போனேன். அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இரண்டு நாளாகப் பர்ஸுக்குள் வைத்திருந்தேனே தவிர, ஒருதரம் பிரித்துப் பார்க்கவில்லை. மேடையில் வாசித்ததைவிட இதைச் சொல்லத்தான் எனக்கு வெட்கம்.

"நான் முதியோர் இல்லத்தில் ஆட்களைக் கட்டிலால் தூக்கி இருத்துகிறவள். வேலையால் வரும்போது ரயிலில் உங்கள் புத்தகம் வாசிக்கிறேன். உங்கள் கதையில் அவள் இருமினால் அவன் மைக்கை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கிறான். என் வீட்டில் நான் இருமினால் ரீவியின் சத்தம் கூடும். அவர்களுக்கு அவசரமாகக் கலியாணம் செய்து வைக்க வேண்டாம். இன்னும் இரண்டு புத்தகத்துக்கு அவன் அவளைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும்."

அந்த இடத்திலும் பாதிப் பேர் சிரித்தார்கள். நீர் தட்டை வைத்துவிட்டுக் காருக்குள் போய் இருந்தீர். வீட்டுக்கு வரும் வழியில், இனி அதை மாத்தத் தேவையில்லை என்றீர். ஒரு வேலை குறைந்தது என்று நான் நிம்மதிப்பட்டேன்.

இப்போது மாற்றியிருக்கிறேன். உம்முடைய தாளும் அதன் இங்கிலிஷும் இத்தோடு இருக்கின்றன. என் அலங்காரம் ஒன்றும் இல்லை. ஒரு இடத்தில் மட்டும் கை கூசி, 'சில வீடுகளில்' ரீவியின் சத்தம் கூடும் என்று எழுதிவிட்டேன். ரைப் செய்த வினுஷா உம்முடைய தமிழையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அம்மா எழுதினது அதில்லையே அப்பா என்றாள். 'என் வீட்டில்' என்று திருத்தினேன்.

முகவரி எழுதி முத்திரை ஒட்டிய உறையும் உள்ளே இருக்கிறது. அனுப்புவதும் விடுவதும் உம்முடைய விருப்பம். வேலையும் அப்படித்தான். நீர் ஓம் என்று சொன்னால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். சிட்னியிலும் பஸ் ஓடுகிறது என்று எறிக் சொல்கிறான்.

உம்முடைய கை கால்களை நோவில்லாமல் முருகன் வைத்திருக்கட்டும். அண்ணரின் முழங்காலையும்.

ஒரு வேண்டுகோள். அங்கே எல்லாரும் சாப்பிட்டு முடித்துக் கதிரைகளில் சாய்ந்திருக்கிற நேரம் பார்த்து, இந்தக் கடிதத்தை எடுத்துச் சத்தமாக வாசியும். என்னைப்போல் கதைக்க உமக்கு நன்றாக வரும், தொண்டையைச் செருமிவிட்டுத் தொடங்கும். புத்தகத்தைப் பின்னால் வாசித்த இடத்துக்கு எல்லாரும் சிரிப்பார்கள், நீரும் சிரியும். 'சில வீடுகள்' வருகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் நிறுத்தி அவர்களுடைய முகத்தைப் பாரும். ஒருவரும் சிரிக்காவிட்டால், நான் வரலாமா என்று எனக்கு ஒரு சொல் அனுப்பும்.

இப்படிக்கு,
உம்முடைய
சிறிதரன்