மரைக்கு ஏற்ற துவக்கு

லிட்கம், சிட்னி
25-4-1976

அன்பு மகள் கிரிஜாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் குறையொன்றுமில்லாமல் இருக்கிறோம், அந்த மலைக்குளிரில் நீயும் நெஞ்சுச்சளி இல்லாமல் சுகமாக இருக்க வேண்டுமென்று நல்லூரானை நேர்ந்துகொண்டுதான் பேனையை எடுத்தேன். அப்பாவின் முழங்கால் பரவாயில்லை, எண்ணெய் போட்டு உருவினால் ஒரு கிழமைக்கு நடக்கிறார், பிறகு பழையபடி. சுகம் விசாரித்தாயிற்று, இனி உன்னோடு சண்டை. வேட்டைக்குப் போய்வந்து நீ எழுதிய கடிதம் இதோ மேசையில் கிடக்கிறது. போனேன், சரியான குளிர், ஒரு மரை விழுந்தது, தோள் நோகவில்லை, மிச்சம் பிறகு. இவ்வளவுதான்! தந்தி அடிக்கிறவன்கூட இதைவிட நாலு சொல் தாராளமாக அடிப்பான். அந்த மிச்சத்தை, உன் பரம எதிரி என்று நான் நினைத்துக்கொண்டிருந்த மிஸ்டர் டொனோவன் போன செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டுக் கதிரையில் இருந்து சொல்லித்தான் நான் அறிய வேண்டியிருந்தது.

மாசி மாதம் நீ ரெலிபோன் எடுத்தது எனக்கு இன்னும் காதில் நிற்கிறது. வெடி பட்டுத் தாடை உடைந்த மரை ஒன்று தின்ன வழியில்லாமல் எலும்பும் தோலுமாய் யாரோ ஒருவருடைய புல்வெளியில் வந்து விழுந்து கிடந்ததையும், நீ ஊசி போட்டு அதை முடித்துவைத்ததையும் சொன்னாய். அதோடு விட்டாயா? அன்றைக்கே ஊர் மண்டபக் கூட்டத்தில் எழுந்து, மரைக்கு ஏற்ற துவக்கையும் தோட்டாவையும் தெரிவு செய்யத் தெரியாதவர்கள் காட்டுக்குப் போகக்கூடாது என்று அத்தனை ஆம்பிளைகளுக்கும் முன்னால் சொல்லியிருக்கிறாய். இந்த வாய் என்னிடமிருந்து வந்தது என்று அப்பா சொல்கிறார், நான் மறுக்கவில்லை. அப்படியென்றால் சின்னப் பெண் எங்களோடு வந்து சுட்டுக் காட்டட்டும் என்று பண்ணைக்கார டொனோவன் சொல்ல எல்லோரும் சிரித்தார்களாம், நீயும் உடனே வாறன் என்றுவிட்டாய். அதற்குப் பிறகு ஒரு பண்ணைக்காரனும் தன் மாட்டைப் பார்க்க உன்னைக் கூப்பிடவில்லை. உன்னை வேலைக்கு வைத்திருக்கும் மிருக வைத்தியர் டொக்டர் ஹார்ட்லியும், ஈஸ்டருக்குள் இவர்கள் கூப்பிடத் தொடங்காவிட்டால் உன்னை வைத்திருக்க வழியில்லை என்று சொல்லிவிட்டார். அந்த ஆம்பிளைகளை நான் ஏசாத ஏச்சில்லை. ஆனால் மகளே, உன்னிடம் என்னத்தை மறைக்க, மனதின் ஒரு மூலையில், சரி, பிள்ளை வீட்டுக்கு வந்துவிடும் என்று ஒரு சந்தோஷமும் இருந்தது. வென்ட்வேர்த்விலில் இருக்கிற யோகராணி அன்ரி தன் பெறாமகன் நித்தியானந்தனுக்கு உன்னைக் கேட்டுக்கொண்டே இருந்தா. எஞ்சினியர்ப் பெடியன், சிட்னியை விட்டு அசையமாட்டானாம். ஈஸ்டர் முடியட்டும், பிள்ளை இங்கே வந்துவிடுவா என்று நானும் சொல்லி வைத்திருந்தேன்.

இதற்குள் எந்த றைபிள், எந்தத் தோட்டா என்று நீ அப்பாவைக் கேட்டு எழுதினாய். அவருக்கு வந்த புளுகத்தையும் சந்தோஷத்தையும் நீ பார்க்கவில்லையே! நீர்ப்பாசன இலாகாவில் வவுனிக்குளத்துப் பக்கம் வேலை பார்த்த காலத்தில் சுட்ட மான்களையெல்லாம் திரும்ப உயிர்ப்பித்து ஒவ்வொன்றாய்ச் சுட்டார். நீங்கள் அங்கே சாம்பர் என்று சொல்லும் பெரிய மான் எங்கள் வன்னிக் காட்டு மரைதானாம், வெள்ளைக்காரன் அந்தக் காலத்தில் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்து விட்டதாம், அதில் அவருக்குத் தாங்கமுடியாத பெருமை. எங்கட மரைக்கு என்னத்துக்கப்பா றைபிள், பன்னிரண்டு போர் துவக்கும் எஸ்.ஜி. தோட்டாவும் காணும், ஒரு பிடி சன்னம் ஒண்டாய்ப் போகும், ஏதோ ஒண்டு எங்கையாவது படும் என்றார். எங்கையாவது எண்டால் எங்கை, தாடையிலையோ என்று நான் கேட்டேன். குளக்கரையில் பதுங்கியிருந்து பக்கத்தில் வரும் மிருகத்துக்கு வைக்கிற வெடி அவருக்குத் தெரிந்த வெடி. நீ பள்ளத்தின் இந்தக் கரையில் நின்று அந்தக் கரையில் நிற்கிறதைச் சுட வேண்டியவள். சரி, வாருங்கோ கடையில் கேட்போம் என்று இழுத்துக்கொண்டு பரமற்றா போனேன்.

வெள்ளிக்கிழமை விரதக்காரி நான், முட்டைகூடத் தொடாதவள், பொட்டும் சேலையுமாய்த் துவக்குக் கடைக்குள் போய் நின்றால் கடைக்காரன் என்ன நினைப்பான்? தையல் மெஷின் கடை அடுத்த கதவு என்று காட்டினான். மகளுக்கு மரை சுட என்றதும் ஒரு சின்ன றைபிளை எடுத்து வைத்து, பெண்களுக்கு இது நல்லது, உதையாது என்றான். இதால் என்ன சுடுவார்கள் என்று கேட்டேன், நரி என்றான். மரை எவ்வளவு பாரம் என்று கேட்டேன், எருது அளவு வரும் என்றான். எருதுக்கு நரிச் சன்னமா, அது சாகாது, நோவோடு ஓடித் திரியும் என்று சொன்ன பிறகுதான் அவன் என்னை ஒரு மனுஷியாகப் பார்த்தான். அப்பாவின் கண் அதற்குள் பழைய பட்டாளத்து த்ரீ-நோட்-த்ரீயில் விழுந்துவிட்டது, எங்கட பொலிஸ்காரர் வைச்சிருந்ததல்லோ என்று தடவிக்கொண்டு நின்றார். துவக்கில் பிழையில்லை என்று கடைக்காரனே சொன்னான், ஆனால் மலிவென்று எல்லோரும் வாங்கிப் போடுகிற பட்டாளத் தோட்டா மிருகத்துக்கு ஆகாதாம். அதன் சன்னம் நுனிவரைக்கும் உலோகம் போர்த்தியது, ஊசி மாதிரி இந்தப் பக்கத்தால் போய் அந்தப் பக்கத்தால் வந்துவிடும், மிருகம் மைல்கணக்கில் ஓடி எங்கேயோ கிடந்து சாகும். வேட்டைக்கு முனையில் ஈயம் தெரிகிற தோட்டா வேண்டும், அதுதான் உள்ளே போய் விரிந்து அந்த இடத்திலேயே விழுத்தும். கடைசியில் த்ரீ-நோட்-எயிட் றைபிளும் நூற்றெண்பது கிறெயின் ஈய முனைத் தோட்டாவும் என்று முடிவாயிற்று. பாரம் குறைந்த றைபிளாய்ச் சொல்லு, பிள்ளை மெலிஞ்சவள் என்றார் அப்பா. நான் விடவில்லை. சன்னம் முன்னுக்குப் போகிற வேகத்துக்குத் துவக்கு பின்னுக்கு வரும், துவக்குப் பாரமென்றால் மெல்ல வரும், இத்தனை வருஷம் பெண்பிள்ளைகளுக்கு இதைத்தானே பௌதிகம் என்று படிப்பித்தேன், பாரமானதையே எடுக்கச் சொல்லுங்கோ என்று கடதாசிப் பையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். கடைக்காரன் அந்தப் பையைத் தனக்குத் தா என்று வாங்கி வைத்துக்கொண்டான்.

அடுத்த கேள்வி, மகளின் கை எவ்வளவு நீளம்? தோளில் வைக்கிற அடிக்கட்டை கைக்குப் பொருந்தாவிட்டால் தோளை உடைக்குமாம், குறியும் தப்புமாம். அப்பா தன் கையை நீட்டினார். நான் பைக்குள்ளிருந்து உனக்குப் பின்னிக்கொண்டிருந்த கம்பளிச் சட்டையின் கையை ஊசியோடு எடுத்து மேசையில் விரித்தேன். கடைக்காரன் நாடாவை வைத்து அளந்துவிட்டு, அடிக்கட்டையில் ஒரு அங்குலம் அறுத்து றப்பர் வைக்க வேண்டும் என்றான். துவக்குக்குச் சட்டையில் அளவெடுத்த தாய் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நாங்கள் எழுதி அனுப்பியதை நீ மெல்பேர்னில் அப்படியே வாங்கி, அறுப்பித்து, காட்டுக்குப் போகமுன் பலகைக்குச் சுட்டுச் சுட்டுப் பழகினாய் என்று டொனோவன் சொல்லித்தான் தெரியும், அதுகூட நீ எழுதவில்லை.

அவர் இங்கே ஈஸ்டர் கண்காட்சிக்கு மாடு கொண்டுவந்தவர், பெண்சாதியையும் கூட்டிக்கொண்டு கையில் ஒரு ஐஸ் பெட்டியோடு வாசலில் நின்றார். பெயரைச் சொன்னதும் சண்டைக்கு வந்திருக்கிறாரென்று நினைத்துச் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினேன். மனுஷன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, பாவ அறிக்கை செய்ய வந்தவர் போல இருந்தார். சொன்னதெல்லாம் இதுதான். பள்ளத்தின் அக்கரையில் பெரிய கலைமரை நின்றதாம், நீ றைபிளைத் தோளில் வைத்தாயாம், பிறகு இறக்கிவிட்டாயாம். பின்பக்கம்தான் தெரிகிறது, நெஞ்சு தெரியவில்லை, சுடமாட்டேன் என்றாயாம். ஒருவன் சிரித்தானாம். டொனோவன் பொறுக்காமல் தன் த்ரீ-நோட்-த்ரீயால் பட்டாளத் தோட்டாவை விட்டாராம். மரை முழங்காலில் விழுந்து எழும்பிப் பற்றைக்குள் ஓடிவிட்டது. மற்றவர்கள் எங்கையாவது கிடந்து சாகும் என்று தேத்தண்ணீர் வைக்கப் போனார்களாம். நீ றைபிளை எடுத்துக்கொண்டு இரத்தத்தைப் பார்த்துப் பார்த்து நடக்கத் தொடங்கினாயாம். வெட்கத்தில் தானும் பின்னால் வந்தேன் என்றார். பன்னச் செடிப் பள்ளங்களில் இறங்கி, ஆற்றைக் கடந்து, மத்தியானம் தாண்டியும் நீ நிற்கவில்லையாம், இவருக்கு மூச்சு வாங்கியதாம். கடைசியில் தண்ணீருக்குள் அது பக்கவாட்டாய் நின்றது. அப்போதும் நீ அவசரப்படாமல், அது முன்னங்காலை ஒரு அடி முன்னுக்கு வைக்கும்வரை காத்திருந்து ஒரேயொரு வெடி வைத்தாய், நின்ற இடத்திலேயே விழுந்தது.

பிறகு நீ கத்தியால் பிளந்து, அவருடைய விரலைப் பிடித்து அவர் போட்ட ஓட்டைக்குள் வைத்தாயாமே! பென்சில் அளவு ஓட்டை, இரைப்பையால் போய் அந்தப் பக்கத்தால் வெளியே. பிறகு உன் சன்னம் போன இடத்தையும் காட்டினாய். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன் மிஸிஸ் இரத்தினசிங்கம், அவள் ஏசவேயில்லை என்று சொல்லிவிட்டு மனுஷன் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடுத்த கூட்டத்தில் தானே எழுந்து எல்லாவற்றையும் சொன்னாராம், பட்டாளத் தோட்டாப் பெட்டியைப் பொலிசில் கொண்டுபோய்க் கொடுத்தாராம், தன் நல்ல பசு கன்று போட முடியாமல் கிடந்தபோது முதல் ஆளாய் உன்னைக் கூப்பிட்டாராம். இப்போது ஹார்ட்லி நான் வாறன் என்றால்கூட அந்தப் பெண்ணை அனுப்பு என்கிறார்களாம். எனக்கு அழுகை வந்துவிட்டது, கண்ணில் தூசு என்று சொல்லிக் குசினிக்குள் போய் நின்று அழுதேன். பெருமைதான் பிள்ளை, வேறொன்றுமில்லை. ஐஸ் பெட்டிக்குள் அந்த மரை இறைச்சி! அப்பாவைக் கராஜுக்குள் அனுப்பி அங்கேயே அடுப்பு மூட்டச் சொன்னேன், மனுஷனும் டொனோவனும் உறைப்பில் கண்ணீர் வடிய வடியச் சாப்பிட்டார்கள். நான் முறையாய்த் தலை முழுகினேன், ஆனால் வாசத்துக்கு முகம் சுளிக்கவில்லை, அதை எழுதிவைத்துக்கொள்.

போகிற நேரத்தில் அவருடைய பெண்சாதி, டொக்டர் ஹார்ட்லி வாசல் பலகையில் உன் பெயரையும் எழுதிவிட்டார், இனி எங்கள் ஊரை விட்டு அவளை விடமாட்டோம் என்று சொன்னா. அப்போதுதான் எனக்கு வெளித்தது. நீ மிச்சம் பிறகு என்று எழுதியது இதைத்தானே? ஈஸ்டர் முடிந்து நீ வருவாய் என்று அம்மா காத்துக்கொண்டிருக்கிறாள், வரவில்லை என்றால் உடைந்துபோவாள் என்று பயந்திருக்கிறாய். அன்றிரவு நான் சாப்பிடவில்லை, உண்மைதான். பெற்ற மனம், பக்கத்தில் வைத்திருக்க ஆசைப்படும், அதற்கு நான் மன்னிப்புக் கேட்கமாட்டேன். ஆனால் ஒரு ஊரே சிரித்தபோது தோளிலிருந்து துவக்கை இறக்கிய பிள்ளையைச் சிட்னிக்கு வா, கலியாணம் செய்து வீட்டில் இரு என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. யோகராணி அன்ரிக்குச் சொல்லிவிட்டேன், என்ரை பிள்ளைக்கு அங்கை வேலை கிடக்குது, உங்கட பெடியனுக்கு விருப்பமெண்டால் அவர் மலைக்கு ஏறட்டும் என்று. அன்ரிக்கு முகம் கறுத்துவிட்டது, கறுக்கட்டும்.

நல்லூரான் உன் கைக்கும் கண்ணுக்கும் என்றும் துணை நிற்பான். நேரத்துக்குச் சாப்பிடு, ஈரக் காலுறையோடு திரியாதே, றைபிளை வீட்டுக்குள் கொண்டுவரமுன் தோட்டா உள்ளே இல்லையென்று இரண்டுதரம் பார். ஆவணி விடுமுறைக்கு நாங்கள் ரயிலேறி வருகிறோம், எனக்கென்று ஒரு புதுச் சட்டி தனியாக வாங்கி வை. ஒரு வருஷமாய் உறையில் டொக்டர் ஹார்ட்லியின் மேற்பார்வை என்றுதான் விலாசம் எழுதி வந்தேன், நீ அங்கே தங்கப்போகிறவள் இல்லை என்று நினைத்து. இன்றைக்கு டொக்டர் கிரிஜா இரத்தினசிங்கம், மிருக வைத்தியர் என்று எழுதி, கீழே உன் ஊரின் பெயரை எழுதினேன். எழுதிவிட்டு அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

உன்னை அந்த ஊருக்குக் கொடுத்துவிட்ட,
அம்மா