ஐந்து நிமிடம் ஓடவிடு

ஃபீனிக்ஸ் பே பட்டறை,
14-7-1971

அன்புள்ள மாப்பிள்ளை பன்னீர்செல்வத்துக்குக் கோவிந்தராஜ் எழுதிக்கொண்டது.

முதலில் நல்ல செய்தி. நீலாவதியும் நீ இன்னும் பார்க்காத உன் மகளும் ஹேடோவில் எங்கள் வீட்டில் சுகம். பிள்ளைக்கு அப்படியே உன் மூக்கு. பாவம், என்ன செய்வது. மழை விடவில்லை. வீடு முழுக்கக் காயாத பிள்ளைத்துணி.

நம் இன்ஜின் டிரைவர் வியாகுலத்தை விசாரித்திருந்தாய். ஆஸ்பத்திரியில் இருக்கிறான். போட் தீயில் கைக்காயம்தான் என்று உனக்குச் சொன்னவர்கள் அவனை நேரில் பார்க்கவில்லை.

அவன் போட்டிலும் உன் போட்டிலும் ஒரே மாதிரி டர்போ. எரிந்துபோன அதை நேற்று நான்தான் பிரித்தேன். உள்ளே எண்ணெய் கரியாய்ப் பிடித்து, பேரிங் தேய்ந்து, கசிந்த எண்ணெய் சூட்டில் பற்றியிருக்கிறது. மேல்மூடியில் எரிந்த துண்டின் இழை அப்படியே பதிந்திருந்தது.

நாம் மூவரும் பழைய போட்டில் இன்ஜினுக்குக் காற்று ஊதிய சூப்பர்சார்ஜரில் பழகியவர்கள். அது இன்ஜினின் பலத்திலேயே பங்கு கேட்கும், டீசலும் கூடக் குடிக்கும். ஆனால் இன்ஜின் நின்றால் அதுவும் நிற்கும். மேலே கை வைத்தால் வெதுவெதுப்பு, அவ்வளவுதான். பத்து வருஷம் அதன்மேல்தானே துண்டு காயப்போட்டோம்! அதே காற்றை டர்போ வீணாய்ப் போகும் புகையிலேயே சுற்றி ஊதி டீசலை மிச்சம் பிடிக்கிறது. கெட்டிக்காரன்தான், மறுக்கவில்லை. ஆனால் புகையின் சூடெல்லாம் அதன் உடம்பில் சிவக்கச் சிவக்க ஏறும். இன்ஜினைச் சட்டென்று நிறுத்தினாலும் அதன் சக்கரம் சுற்றும். எண்ணெய் மட்டும் வராது, உள்ளே நிற்பது கரிந்துபோகும். கயிறு கரையில் விழுந்ததும் போட்டை நடத்தும் ஸெராங் "பந்த் கரோ!" என்று கத்துவார். வியாகுலம் பழைய பழக்கத்தில் உடனே நிறுத்துவான். நீயும் அப்படித்தான். உன் டர்போ இப்போது பாட்டுப் பாடுவதாக எழுதியிருந்தாய். தீப்பிடிக்கும் முன் அவனும் அதையேதான் சொன்னான். பேரிங் தேயும் சத்தம் அது.

ஞாயிறு உன் போட்டில் ஏறி மாயாபந்தர் வருகிறாள் நீலாவதி. வேண்டாம் தங்கச்சி, கப்பலில் போ என்றேன். சிரிக்கிறாள். "இன்ஜின் ரூம்ல அவரு கொடி கட்டி வெச்சிருக்காராம் அண்ணே. துணியும் காஞ்சிரும். தொட்டிலும் அங்கதான், புள்ளைக்குக் கதகதப்பா இருக்கும்" என்கிறாள்.

உன் போட்டை நிறுத்தச் சொல்லி மேலதிகாரியிடம் கேட்டேன். மெயின்லேண்டிலிருந்து சாமான் வரட்டும் என்றார். நாளைக் காலை என்னைக் கார் நிக்கோபார் அனுப்புகிறார்கள். ஞாயிறு படகுத்துறையில் நான் இருக்க மாட்டேன்.

அதனால் கேட்கிறேன் மாப்பிள்ளை, ஸெராங் என்ன கத்தினாலும் ஐந்து நிமிடம் மெதுவாக ஓடவிட்டு நிறுத்து. பாட்டு இன்னும் கேட்டால் புறப்படவே புறப்படாதே. அந்தக் கொடியை இன்றே அறுத்துவிடு.

உங்கள் மூவரையும் ஒன்றாகப் பார்க்கும் பாக்கியத்தை முருகன் எனக்குத் தரட்டும். தொட்டிலை மேல்தட்டில் கட்டு. மழையில் நனைந்தாலும் நனையட்டும். சளிக்கு மருந்து இருக்கிறது.

உன் அன்பு மச்சான்,
கோவிந்தராஜ்