கொசுவலையும் மூக்குத்தியும்

வெள்ளி, அமாவாசைக்கு மறுநாள்

பேத்தி மல்லிகா கல்லூரியில் அணுவளவே கனமுள்ள தாள்களை ஆராய்கிறாள். அதை விளக்க, இன்று என் கொசுவலையை இரண்டாக மடித்து மேலடுக்கைச் சற்றே திருப்பினாள். வலையில் இல்லாத பெரிய வட்டங்கள் தெரிந்தன.

"அந்தத் தாளுங்கள இப்டி வச்சா சும்மா இருக்காது ஆயா. தானா நகந்து ஒண்ணோட ஒண்ணு பொருந்திக்கும். பொருந்தாத மிச்ச முறுக்கு மட்டும் மெல்லிசுக் கோடா ஒதுங்கிடும்."

"அந்தக் கோடு இன்னா ஆவும்?"

"அப்டியேதான் இருக்கும்."

நானும் தங்கை வள்ளியும் ஒரே கொசுவலைக்குள் உதைத்துக்கொண்டு தூங்கியவர்கள். அம்மாவின் மூக்குத்தியை அவள் கேட்காமல் எடுத்துக்கொண்டதிலிருந்து நாற்பது வருஷமாகப் பேச்சில்லை. நேற்று மேல்மலையனூர் கோயிலிலிருந்து திரும்பும் பஸ்ஸில் அமாவாசைக் கூட்டம் அவளை என் பக்கத்தில் தள்ளியது. அந்த நாள் போலவே என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நானும் நகர்ந்து வாகாக இடம் கொடுத்தேன்.

"செஞ்சி வந்துடுச்சி, எறங்குடி" என்று எழுப்பினேன்.

மூக்குத்தியைப் பற்றிக் கேட்கவில்லை. ஆனால் வழியெல்லாம் என் கண் அவள் மூக்கிலேயேதான் இருந்தது.