மூக்கம்மாள் பறித்த காய்

போடிநாயக்கனூர்
12.10.1954

அன்புள்ள செல்லக்கனிக்கு,

'விழுந்த இலை'யை ஆங்கிலத்தில் 'ஃபாலன் லீஃப்' என்று சொல்லலாம் என்றால், 'வந்த விருந்தாளி'யை 'கம் கெஸ்ட்' என்று ஏன் சொல்லக் கூடாது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரியவில்லை. இருபத்து நான்கு வருடமாகப் பள்ளியில் இதைச் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறேன். யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை. தபாலில் உங்களுக்கு ஆங்கிலப் பாடம் எடுக்கச் சம்மதித்ததன் பலன் இது.

தெரிந்ததைச் சொல்கிறேன். ஏலக்காயை உலர்த்துகிறீர்கள். வேலை முடிந்ததும் அது 'டிரைட் கார்டமம்'. முடிந்துபோன வேலை காயின் குணமாகி, அதன் பெயருக்கு முன்னால் வந்து நிற்கிறது. தரம் பிரித்தால் 'ஸார்ட்டட்', வெடிக்காத காய் 'அன்ஸ்பிளிட்'. எதன்மேல் வேலை நடந்ததோ அதற்குத்தான் பெரும்பாலும் இந்த மரியாதை. வந்தவருக்கும் தூங்கினவருக்கும் சிரித்தவருக்கும் கிடையாது. இலைக்கு மட்டும் என்ன சலுகை என்று வெள்ளைக்காரனைத்தான் கேட்க வேண்டும்.

வெளியூர் வியாபாரிகள் படிக்க, ஏலக்காய் மண்டியில் மாதிரித் தட்டோடு நீங்கள் வைக்கப்போகும் அட்டைக்கு இவ்வளவு போதும். எழுதி அனுப்புங்கள், திருத்துகிறேன். மலையில் குளிர் அதிகமாமே. கம்பளி இல்லாமல் வெளியே போகாதீர்கள்.

அன்புடன்,
கிரேஸ்


போடிமெட்டுக்கு மேலே, தோட்டம்
19.10.1954

மதிப்பிற்குரிய டீச்சர் அவர்களுக்கு,

செல்லக்கனியின் வணக்கம். கம்பளி போர்த்திக்கொண்டுதான் எழுதுகிறேன். அட்டை இதோடு இருக்கிறது. ஆனால் எனக்கு ஒரு குறை. 'பிக்ட் கார்டமம்' என்றால் பறித்த காய். பறித்தவள் எங்கே போனாள்? தமிழில் 'மூக்கம்மாள் பறித்த காய்' என்று அவளையும் முன்னால் நிறுத்துகிறோமே. எங்கள் தோட்டத்தில் காய் பறிக்கிற மூக்கம்மாளிடமே இதைச் சொன்னேன். "எம் பேரப் போட்டா காயி கசந்துரும் ஆத்தா" என்று சிரிக்கிறாள்.

கொழுந்தனார் பொன்னுமணி வந்திருந்தார். "மதினி, அண்ணன் போயி ரெண்டு வருசமா நாந்தான எம் பேருல வித்துத் தர்றேன். இப்ப என்ன புதுச் சோலி?" என்றார். இந்த வருடம் என் காயை என் பெயரில் நானே விற்பேன் என்றேன். "துண்டுக்குள்ள தரகன் கையப் பிடிச்சு வெல பேசுவீகளோ? ஊரே சிரிக்கும்" என்றார்.

அதுதான் சிக்கல், டீச்சர். மண்டியில் விலையை யாரும் வாயால் சொல்வதில்லை. கையைத் துண்டால் மூடிக்கொண்டு, விரலைத் தொட்டுத்தான் பேரம். புருஷனை இழந்தவள் அந்நியன் கையைத் தொடலாமா என்பார்கள். அதனால் எங்களில் எந்தப் பெண்ணும் அங்கே போய் உட்கார்ந்ததில்லை. 27ஆம் தேதி லோடு இறக்குகிறேன். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் எனக்குத் தைரியம். வருவீர்களா?

தங்கள்,
செல்லக்கனி


போடிநாயக்கனூர்
22.10.1954

அன்புள்ள செல்லக்கனிக்கு,

அட்டையில் ஓர் எழுத்து விட்டிருந்தது, சேர்த்திருக்கிறேன். பறித்தவளைக் காய்க்கு முன்னால் நிறுத்த ஆங்கிலத்தில் இடமில்லை. நீங்கள் சொன்னது சரிதான். பின்னால் வேண்டுமானால் ஒட்டலாம். வாங்குகிறவர் அதைப் படிக்க மாட்டார். விட்டுவிடுங்கள்.

மண்டிக்கு வர என்னால் முடியாது. ஆசிரியை கடைத்தெருவில் உட்காருவது பள்ளி நிர்வாகிக்குப் பிடிக்காது. இது சாக்கு இல்லை என்று எழுதி, பிறகு அடித்துவிட்டேன். சாக்கும்தான். கூட்டத்தில் எனக்கு நா எழாது. ஒருத்தி போய் உட்காருவதால் மண்டி மாறிவிடும் என்ற நம்பிக்கையும் இல்லை.

ஆனால் பொன்னுமணியிடம் காயைக் கொடுக்காதீர்கள். விற்காமல் திரும்பினாலும் அது உங்கள் காயாகத் திரும்பட்டும்.

அன்புடன்,
கிரேஸ்


சிலமலை, தங்கை வீடு
26.10.1954

மதிப்பிற்குரிய டீச்சர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கோபமில்லை, வருத்தம் உண்டு. நீங்கள் வராவிட்டாலும் நாளை போகிறேன். மூக்கம்மாள் கூட வருகிறாள். அவள் பெயரை அட்டையின் அடியில் தமிழில் எழுதிவிட்டேன். உங்கள் திருத்தங்களில் அந்த ஒன்றை மட்டும் ஏற்கவில்லை.

27.10.1954

நேற்று இதைத் தபாலில் போடவில்லை. இன்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

உங்களுக்காக ஓர் இடம் விட்டுத்தான் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூக்கம்மாள் அதில் கூடையை வைத்துவிட்டாள்.

தரகர் தங்கபாண்டியன் காயை முகர்ந்து பார்த்துத் துண்டை விரித்தார். நான் கையை நீட்டவில்லை.

"என்ன ஆத்தா, கையக் குடுக்காம எப்படி யாவாரம்?"

"வாயி இருக்குல்ல அண்ணே. சொல்லுங்க, கேட்டுக்கிறேன்."

"மதினி, எந்திரிங்க. மானம் போகுது" என்றார் பொன்னுமணி, பின்னாலிருந்து.

மூக்கம்மாள் திரும்பினாள். "ஒங்க மானத்த எங்க மூடைக்குள்ளயா கட்டி வச்சிருக்கீக?"

மத்தியானம் வரை எங்கள் பக்கம் யாரும் வரவில்லை. பிறகு பம்பாய் வியாபாரியின் ஆள் வந்து அட்டையைப் படித்தார். காயை உடைத்துப் பார்த்தார். இந்தக் காய்தான் வேண்டும் என்று தங்கபாண்டியனிடம் சொன்னார். அவர் வேறு வழியில்லாமல் விலையை வாய்விட்டுச் சொன்னார். போதாது என்று உரக்கச் சொன்னேன். இரண்டு தடவை ஏற்றினார். என் காய் என் பெயரில் போயிற்று.

அடுத்து, தன் காயை விற்கத் துண்டுக்குள் கையை விட்டிருந்த பிச்சைமணி என்ற தோட்டக்காரர் சட்டென்று கையை உருவிக்கொண்டார். "அந்தம்மாளுக்குச் சொன்ன மாதிரி எனக்கும் சத்தமாச் சொல்லும்" என்றார். அவருக்குப் பின்னால் இருந்த இருவரும் அதையே சொன்னார்கள்.

தங்கபாண்டியன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இன்னைக்கி யாவாரம் முடிஞ்சுது, எல்லாரும் வெரசா கெளம்புங்க" என்றார்.

ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

தங்கள்,
செல்லக்கனி